ஸ்பீடு அண்ணனும் எங்கள் வீட்டு மூன்று டப்பாக்களும்

ஸ்பீடு அண்ணன் உட்கார்ந்து இந்தச் செஞ்சித் தாலுகாவில் ஒருவரும் பார்த்ததில்லை. டீக்கடை பெஞ்சில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டுதான் குடிப்பார், அதையும் ஒரே இடத்தில் நின்று குடிக்க மாட்டார். கிளாஸை வாங்குவது கல்லாப் பக்கம், முதல் வாய் குடிப்பது ரோட்டோரம், காலி கிளாஸை வைப்பது பக்கத்துச் செருப்புக் கடையில். அவருடைய கல்யாண ஆல்பத்தில் பெண் தெளிவாக விழுந்திருக்கிறாராம், மாப்பிள்ளை மட்டும் எல்லாப் படத்திலும் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறாராம். நான் ஆல்பத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அப்படியே நம்புகிறேன்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் ‘ஸ்பீடு அண்ணா நெட்’ என்றுதான் இருக்கிறது. வீடுகளுக்கு இன்டர்நெட் லைன் இழுப்பது, வைஃபை டப்பா மாட்டுவது, பழுது பார்ப்பது அவர் தொழில். நாமெல்லாம் ஆளைப் பார்த்ததும் ‘சாப்டியா’ என்று கேட்கிற இடத்தில் அவர் ‘ஸ்பீடு எவ்ளோ வருது?’ என்று கேட்பார். அனந்தபுரத்தில் ஒரு சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த மகனிடமே அதைக் கேட்டார். மகனும் மூக்கைச் சிந்திவிட்டு, “இருவத்தஞ்சுண்ணா” என்றான். “நூறு எம்பி பிளான்ல இருவத்தஞ்சா?” என்று கேட்ட பிறகுதான் அண்ணன் கண் கலங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். இத்தனைக்கும் தன் மொபெட்டை இருபதுக்கு மேல் ஓட்ட மாட்டார்.

போன தை மாதம் அவரிடம் நான் வகையாக மாட்டினேன். இல்லை, அவர்தான் என்னிடம் மாட்டினார்.

சென்னையில் ஒரு கம்பெனியில் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு செஞ்சிக்கு வந்துவிட்டேன். அம்மா இல்லை. நைனாவைப் பாத்ரூம் வரை பிடித்துக்கொண்டு போவதற்கு என்னைத் தவிர ஆள் கிடையாது. கம்பெனிக்கு ஆயிரத்தெட்டு கண்டிஷன். கதவு சாத்திய தனி அறை வேண்டும், அதைப் போட்டோ எடுத்து அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும், போன் நெட்டைப் போட்டு வேலை பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் கதவு ஒழுங்காகச் சாத்துகிற ஒரே அறை, கடைசியில் இருக்கும் பின்னறை. அதற்கு ஒப்புதலும் வந்துவிட்டது.

எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். இன்டர்நெட் லைன் வந்து சேர்வது ரோட்டுப் பக்கத்து முன்னறையில். அங்கிருந்து பின்னறைக்கு வைஃபை எட்டாது என்பதால் ஸ்பீடு அண்ணன்தான் மூன்று வெள்ளை டப்பாக்களை மாட்டிக் கொடுத்திருந்தார். முன்னறையில் ஒன்று, ஹால் அலமாரியில் ஒன்று, பின்னறையில் ஒன்று. மூன்றும் கிணற்றடியில் குடத்தைக் கைமாற்றுவது போல ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி நெட்டைக் கடத்தும். இதற்கு மெஷ் என்று பேர். ஆடி மாதம் மாட்டியது பொங்கல் வரை ஜோராக ஓடியது.

பொங்கல் முடிந்ததும் படுத்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தபடி நாற்பது செகண்டு உறைந்து நின்றேனாம். மேனேஜரம்மா அதை போட்டோ எடுத்து அனுப்பினார். பார்க்கச் சகிக்கவில்லை. கூடவே ஒரு வரி எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரெவ்யூ மீட்டிங், அதிலும் லைன் நின்றால் அடுத்த வாரமே சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும்.

நைனாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஸ்பீடு அண்ணனுக்கு போன் போட்டு அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“இன்னாம்மா சொல்ற! எவ்ளோ வருது?” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வந்து, செருப்பைக் கழற்றும்போதே நடக்க ஆரம்பித்துவிட்டார். இடது கையில் போன், வலது கையில் சாக்பீஸ். நாலு அடிக்கு ஒரு முறை போனைப் பார்த்து, வந்த எண்ணைச் சுவரில் எழுதினார். முன்னறைச் சுவரில் தொண்ணூத்தாறு. ஹாலில் முப்பத்தொன்று. பின்னறைக் கதவில் மூணு. ஆர்வம் தாங்காமல் வெளிச்சுவரிலும் எழுதிவைத்தார். அரை மணி நேரத்தில் எதிர்வீட்டு அக்கா ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமுமாக ஓடிவந்தார்.

“இன்னாடி இது, ரோட்ட அகலம் பண்றாங்களா? உங்க வூட்டுக்கு நம்பர் போட்டுட்டாங்களே! எங்க வூட்ல எதுவரைக்கும் இடிப்பாங்களாம்?”

“நெட் ஸ்பீடுக்கா.”

“அதுக்கு இன்னாத்துக்கு சாக்பீசு?” என்று பத்திரத்தை மடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அன்று அண்ணனின் சந்தேகம் குரங்கின் மீது. செஞ்சியில் எது கெட்டாலும் முதல் சந்தேகம் கோட்டைக் குரங்கின் மேல்தான். மாடிக்கு ஏறி லைனை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். ஒரு பல் தடம்கூட இல்லை. கீழே வந்ததும் சந்தேகம் கல்லின் மீது போனது. எங்கள் முன்னறையும் ஹாலும் தாத்தா காலத்துக் கருங்கல் சுவர்கள்.

“இந்த ஊரு கல்லும்மா. பீரங்கியே உள்ள போவல, வைஃபை போவுமா?”

“ஆடியிலயும் இதே கல்லுதாண்ணா இருந்துச்சி. அப்ப போச்சே?”

அதைக் கேட்டு இரண்டு முறை ஹாலைச் சுற்றி நடந்தார். “ஆமாம்ல” என்றார்.

நெட் கம்பெனிக்கு போன் போட்டேன். எதிர்முனையில் ஒரு பெண் இனிமையாக, “ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்” என்றாள். ஸ்பீக்கரில் அதைக் கேட்டதும் அண்ணனுக்கு வந்ததே கோபம்! அந்த ஒரு வார்த்தை அவர் காதில் விழக்கூடாது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது கையாலாகாதவன் வேலை என்பது அவர் கட்சி.

“ஏம்மா, ஒடம்புக்கு முடியலன்னு ஆஸ்பத்திரிக்கு வந்தவன அடிச்சிப் போட்டுட்டு, எழுந்து நில்லுன்னா நோய் இன்னான்னு தெரியுமா? காரணத்த சொல்லும்மா, காரணத்த!”

அந்தப் பெண் லைனைத் துண்டித்துவிட்டாள். அண்ணன் கிளம்பியதும் அவருக்குத் தெரியாமல் நான் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்து, மூன்று டப்பாக்களையும் ஒருசேர ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. காரணத்தைத்தான் கண்டுபிடித்தாக வேண்டும் என்று எனக்கும் அப்போது உறைத்தது.

சனிக்கிழமை வீட்டையே கலைத்தார். இரும்பு பீரோ சிக்னலைத் தின்கிறது என்று அதை நகர்த்தினார், கூடவே என் இடுப்பும் நகர்ந்தது. நிலைக்கண்ணாடியைத் திருப்பி வைத்தார். மீன்தொட்டியில் இருக்கும் தண்ணீர் ஆகாது என்று தொட்டியை எதிர்வீட்டில் கொடுத்தோம். ஃபிரிட்ஜை நிறுத்தினார், தோசை மாவு புளித்ததுதான் மிச்சம். நைனா ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார்.

“ஏம்பா, சித்த உக்காந்து யோசிச்சிப் பாரேன்” என்றார்.

“உக்காந்தா எனக்கு மூள ஓடாது நைனா” என்று அண்ணன் ஹாலில் அடுக்கியிருந்த நெல் மூட்டையில் ஒரு கையை ஊன்றி, மூன்று செகண்டு யோசித்துவிட்டு மறுபடி நடந்தார். அவர் அலைகிற அலைச்சல் எனக்கும் தொற்றிக்கொண்டது. நகத்தைக் கடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நானும் நடந்தேன். நான் இல்லாமல் நைனா எப்படி எழுந்திருப்பார், யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள் என்று நடந்த தூரமெல்லாம் அதே நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் சுவரை அடையாளம் பார்த்து மீண்டும் அளந்துகொண்டே வந்தார். முன்னறையில் அதே தொண்ணூத்தாறு. ஹாலுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தார்.

“முப்பத்தொண்ண எங்கம்மா?”

“இன்னா முப்பத்தொண்ணு?”

“வெள்ளிக்கெழம இங்க செவுத்துல எழுதினேனே. அழிச்சிட்டியா?”

நான் அழிக்கவில்லை. நாற்காலியிலிருந்து நைனா சொன்னார்: “அது மூட்டைக்குப் பின்னால இருக்கும்பா. நேத்து சாயந்திரம் கழனியிலேர்ந்து இன்னும் பத்து மூட்ட வந்துச்சி. இங்கதான் அடுக்கச் சொன்னேன்.”

அண்ணன் நின்றார். நிஜமாகவே அசையாமல் நின்றார். பிறகு மிக மெதுவாக என்னைக் கேட்டார்.

“நடு டப்பா எங்கம்மா இருக்குது?”

“அலமாரில.”

“அலமாரி எங்கம்மா இருக்குது?”

மூட்டைக்குப் பின்னால் இருந்தது. அறுப்பு முடிந்து பொங்கலுக்கு மறுநாள் வந்த முப்பது மூட்டை நெல்லை, நெல் விற்கிற மார்க்கெட் கமிட்டியில் கூட்டம் குறைந்ததும் எடுத்துப் போகலாம் என்று நைனா ஆள் விட்டு அலமாரியை மறைத்து அடுக்க வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டி மாதிரியே சிக்னலைத் தின்கிற ஈரம் போகாத புது நெல், மூட்டை மேல் மூட்டையாக விட்டத்துக்கு இரண்டு முழம் கீழே வரைக்கும். மூன்று நாளாக நாங்கள் குரங்கைச் சந்தேகப்பட்டோம், கல்லைச் சந்தேகப்பட்டோம், தொட்டியிலிருந்த நான்கு விரல் அளவு கெளுத்தி மீனைக்கூடச் சந்தேகப்பட்டோம். நெல்லை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. தை மாதத்தில் செஞ்சியில் ஹாலில் மூட்டை இல்லாத வீடு எது? அது நம் கண்ணில் படுமா என்ன? தினமும் அதன் மேல் கை ஊன்றி யோசித்த அண்ணன் கண்ணிலேயே படவில்லை. போனில் நடு டப்பாவுக்குப் பச்சை விளக்குக் காட்டியதால் அவர் நேரில் பார்க்கவே இல்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “பதினஞ்சி வருஷ சர்வீசு. டப்பாவ கண்ணால பாக்காம உட்டுட்டேனே” என்று வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார்.

“சரி, மூட்டைய இறக்குங்க நைனா” என்றேன்.

“ஆளு யாரு? எல்லாரும் வெளியூரு அறுப்புக்குப் போயிக்கிறானுங்க. செவ்வாக்கெழமதான் வருவானுங்க.” அண்ணனின் உடம்பு வாகுக்கு அவர் ஒரு மூட்டையைத் தூக்குவதைவிட மூட்டை அவரைத் தூக்குவது சுலபம். வேறு வழி இல்லாமல் நான் திங்கட்கிழமை மீட்டிங் விவகாரத்தை நைனாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மூட்டைகளை நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கோசரம் வந்தே. என் நெல்லாலயே போவணுமா நீ?” என்றார்.

“யாரும் எங்கயும் போவல” என்று அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தன் வீட்டிலிருந்த டப்பாவைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை எங்கள் மற்ற இரண்டோடு சேர்த்துவிட்டு, இடம் தேட ஆரம்பித்தார். தரையில் வைத்தால் ஐந்து. நைனா மடியில் வைத்தால் ஒன்பது. கடைசியில் மூட்டை அடுக்கின் உச்சியில் ஏறி, விட்டத்துக்குக் கீழே டப்பாவைத் தூக்கிப் பிடித்தார். முன்னறைக் கதவு மேல் ஜன்னலும் பின்னறை வழியும் அங்கிருந்து நேர்கோட்டில் தெரிந்தன. அறுபத்திரண்டு! மூட்டை மேலேயே வைத்தால் மறுபடி எட்டுக்கு விழுந்தது. ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் இருந்தால்தான் வேலை செய்யும்.

“காலையில வந்து விட்டத்துல கயிறு போட்டுக் கட்டிடறேன். நீ மீட்டிங்க பாரு” என்றார்.

திங்கட்கிழமை அப்படியே கட்டினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணிக்கு உட்கார்ந்தேன். மீட்டிங் ஒரு மணி நாற்பது நிமிடம். மேனேஜரம்மா கேட்ட கேள்விகள் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, என் முகம் ஒரு முறையும் உறையவில்லை. முடிவில், “லைன் நல்லா இருக்கு. அங்கிருந்தே கன்டினியூ பண்ணுங்க” என்றார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஹாலுக்கு ஓடினேன்.

கயிறு அறுந்து கீழே கிடந்தது. மூட்டை உச்சியில், விட்டம் தலையில் இடிக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, ஸ்பீடு அண்ணன் மண்டிபோட்டிருந்தார். இரண்டு கையிலும் டப்பா. நைனா கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி, மாங்காய் பறிக்கும் தொரட்டியின் அடிக்கட்டையால் அவர் முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நீ கதவ சாத்தின அஞ்சாவது நிமிசம் அறுந்துடுச்சி. மேலயே இருந்தவன் டப்பா உழறதுக்குள்ள புடிச்சிக்கினான். அப்பலேர்ந்து இப்டியேதான் இருக்குறான். எறங்குடான்னா கேக்க மாட்றான்” என்றார் நைனா.

அண்ணனின் கழுத்தும் கைகளும் நெல் சுணை பட்டுச் செக்கச் செவேல் என்று தடித்திருந்தன. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாயைத் திறக்காமல் புருவத்தால் என்னைக் கேட்டார்.

“முடிஞ்சிடுச்சிண்ணா. ஒரு தடவகூட நிக்கல.”

“மீட்டிங்க கட் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேண்ணா.”

டப்பாவை மெதுவாக மூட்டை மேல் வைத்தார். பிறகு தும்மினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வீடே அதிர, அடுக்கு ஆட, விடாமல் தும்மினார். என் ஆபீஸ்காரர்களுக்குக் கேட்டுவிடும் என்று பயந்து ஒன்றரை மணி நேரம் அத்தனை தும்மலையும் அடக்கி வைத்திருந்தாராம். எதிர்வீட்டு அக்காகூட என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். நைனா சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூட்டையடியில் போய் நின்றேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. பதினேழாவது தும்மலுக்கு, “போதும், எறங்கி வாண்ணா” என்று நான் அதட்டியபோது, என் அண்ணனைத்தான் அதட்டினேன்.