ஒற்றைப் புள்ளி வண்ணத்துப்பூச்சி

எதையும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன் என்ற திமிர் எனக்கு இருபத்திரண்டு வயதுவரை இருந்தது. அது தொலைந்த இடம் கேகாலைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம்.

அங்கே பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி, வண்ணத்துப்பூச்சி பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போக ஆள் தேடினார்கள். மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் பால்வெட்டிலிருந்து தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். ஒரு மாதம் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன். பிளேன் டைகரும் டனாய்ட் எக்ஃப்ளையின் பெண்ணும் ஒரே செம்மஞ்சள், ஒரே கறுப்பு ஓரம். பின்சிறகில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளி என்றால் டைகர், ஒன்றே ஒன்று என்றால் எக்ஃப்ளை. டைகர் கசக்கும் என்று குருவிகள் தொடாது. அதனால் எக்ஃப்ளை அதன் வேஷத்தில் திரிகிறது. (என்னைப் போலவே.)

வேலைக்கான பரீட்சை நாள் காலை, ரப்பருக்கு இலையுதிர் காலம். பனிக்குள் சிவந்த ரப்பர் இலைகள் அவசரமே இல்லாமல் சுழன்று இறங்கின. எனக்கு எல்லாமே சிறகுகளாகத் தெரிந்தன. பின்னால் மெனேஜரும் இரண்டு விருந்தாளிகளும் வந்தார்கள்.

ஒரு மரத்தில், பால் வடியும் சிரட்டைக்கு மேலே, செம்மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு கறுப்புப் புள்ளி.

"எக்ஃப்ளை, பெண்!" என்று கிசுகிசுத்தேன். "சிறகு நனைஞ்சிருக்கு, வெயில் ஏறினாத்தான் பறக்கும்" என்று பத்து நிமிடம் விளக்கினேன். விருந்தாளிகள் மூச்சடக்கி நின்றார்கள்.

"மல்லி, ஷுவர்த?" என்றார் மெனேஜர் சிங்களத்தில், தம்பி, நிச்சயம்தானா என்று.

"நூறு வீதம் சேர்!"

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்று என்னை ஒதுக்கி, எக்ஃப்ளையைப் பிடுங்கிக் கூந்தலில் குத்திக்கொண்டாள்.

தேத்தண்ணி குடிக்கப் போகும் பால்வெட்டுப் பெண்கள், கடைசியாக வெட்டிய மரத்தில் துணி, ரிப்பன் என்று ஏதாவது அடையாளம் வைப்பார்கள். என் அம்மாவே வைப்பாள். புத்தகம் படித்ததில் மறந்துவிட்டேன்.

"இந்தப் பூச்சிக் கிளிப்புல நாலு கறுப்புக் கல்லு இருந்துச்சு. மூணு விழுந்துருச்சு" என்றாள் அவள், போகிற போக்கில்.

ஆக, அது டைகர். கிளிப்பைக்கூட இனம் தவறிச் சொல்லியிருக்கிறேன்.

வேலை கிடைக்கவில்லை. அவமானத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை (இரண்டு வேளை). ஆனாலும் பனிக்குள் செம்மஞ்சள் அசைய அவள் போனது கண்ணிலேயே நின்றது. இரண்டு வருடம் கழித்து அவளையே கட்டிக்கொண்டேன்.

இப்போதும் வீட்டுக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தால், நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் மகள் கத்துவாள்:

"அம்மா, அப்பாவக் கூப்பிடாதீங்க! முதல்ல அது பறக்குதான்னு பாருங்க!"