அமைதியில் முதல் மார்க் வாங்கிய மான்குட்டி

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சிங்கம்கூடத் தன் குட்டிக்கு அட்மிஷன் கேட்டு அங்கே வெயிலில் வரிசையில் நிற்கும், அவ்வளவு கிராக்கி. தலைமை ஆசிரியர் கரடி சபாபதி. ரிசல்ட் என்று வந்துவிட்டால் அவருக்குத் தேன்கூடுகூட ஞாபகம் இருக்காது.

அங்கே மிதுர்ணா என்று ஒரு மான்குட்டி படித்தது. நியூமராலஜி பார்த்து வைத்த பெயர். கூப்பிட அம்மா பூங்கோதைக்கே நாக்குச் சுளுக்கும். வாரம் முழுக்க மிதுர்ணாவுக்கு ஒரே ஆசைதான். வெள்ளிக்கிழமை பி.டி. பீரியடில் ஓடைக்கரை வரை ஓட வேண்டும். மான் ஓட ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஆனால் மணி அடித்ததும் கணக்கு டீச்சர் முள்ளம்பன்றி சாக்பீஸோடு உள்ளே வந்துவிடும். போர்ஷன் முடியவில்லையாம். அது எந்தக் காலத்தில் முடிந்தது?

ஒரு வெள்ளிக்கிழமை மிதுர்ணா வகுப்பிலேயே தேம்பித் தேம்பி அழுதது. அதைப் பார்த்து முயல்குட்டி அழுதது, கீரிக்குட்டியும் சேர்ந்துகொண்டது. கரடி பதறிப்போனார். பிள்ளைகள் அழுகிறார்களே என்று இல்லை, அட்மிஷன் நேரத்தில் அழுகிறார்களே என்று. உடனே மன அமைதி வகுப்பு தொடங்கச் சொல்லிவிட்டார். அதற்கு நேரம் எங்கே என்று டைம்டேபிளைத் துழாவினார்கள். பி.டி. பீரியட்தான் கிடைத்தது. முள்ளம்பன்றி முகத்தைத் தூக்கிக்கொண்டதால் அதற்கு ஓவிய வகுப்பைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

பயிற்சி கொடுக்க ஆந்தை வந்தது. பகல் முழுக்கக் கிளையில் கண்ணை மூடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் கரடி அதைப் பிடித்து வந்தார். ராத்திரி முழுக்க அலைந்துவிட்டுத் தூங்குகிற பிராணி என்று யாருக்கும் தோன்றவில்லை. சம்பளம் பேசிய பிறகு ஆந்தைக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. முதல் வகுப்பில் அது, அவரவர் மனசில் இருக்கும் உணர்வைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லச் சொன்னது.

மிதுர்ணா எழுந்து நின்றது. "வருத்தமா இருக்கு சார். எங்க ஓடுற பீரியடை எடுத்துட்டீங்க, அதான்."

ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "உணர்வைச் சரியா கண்டுபிடிச்சிட்டே, அஞ்சு மார்க். காரணம் சிலபஸ்ல இல்ல, உட்காரு."

பிறகென்ன, மன அமைதிக்கு மாதத் தேர்வு வந்தது, பின்னாலேயே ரேங்க்கும் வந்தது. காது ஆடினால் மார்க் குறையும், கண் கலங்கினால் பெயில். மிதுர்ணா பெயிலானது. பூங்கோதையைக் கூப்பிட்டனுப்பி, குட்டி நிம்மதியில் ரொம்ப வீக் என்றார் கரடி. பாவம், அந்தத் தாய் என்ன செய்வாள்? முள்ளம்பன்றி சாயங்காலத்தில் புதிதாக ஆரம்பித்திருந்த மன அமைதி டியூஷனில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பள்ளி விட்டு வீட்டுக்கு ஓடிவருகிற அந்தக் கொஞ்ச நேரமும் போயிற்று.

ஆனால் குட்டி தேறிவிட்டது. அழுகையை விழுங்கவும், காது மடல் அசையாமல் உட்காரவும் பழகி, கடைசித் தேர்வில் காட்டுக்கே முதலாவதாக வந்தது. அது கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு ஆலமரத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பூங்கோதை போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினாள்.

லீவு விட்டார்கள். பூங்கோதை குட்டியை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய், ஆசை தீர ஓடு என்றாள். மிதுர்ணா ஓடவில்லை. புல்லைக்கூட வாயில் வைக்காமல் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றது. இத்தனை நாளில் முதல் தடவையாகத் தாய் கேட்டாள்:

"உனக்கு உள்ளுக்குள்ள என்னதான் கண்ணு பண்ணுது? அம்மாகிட்ட சொல்லும்மா."

மிதுர்ணா நிமிர்ந்து உட்கார்ந்தது. கண்ணை மூடி, மூச்சை நிதானமாக இழுத்து விட்டது.

"இது எத்தனை மார்க் கேள்விம்மா?"

நீதி: பிள்ளை அழுதால் மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். தப்பித்தவறியும் காரணத்தைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மாற வேண்டியது நாமாகிவிடும்.