ஆறு எம்எம் அண்ணாச்சி

உலகத்தில் உள்ள துன்பம் எல்லாவற்றுக்கும் காரணம் மெல்லிசான வயர்தான் என்று நம்புகிற மனிதர் ஒருவர் எங்கள் மில்லர்புரத்தில் இருக்கிறார். வயரின் தடிமனை எம்எம் கணக்கில் சொல்லிக்கொண்டே திரிகிற வயர்மேன். அதனால் எம்எம் அண்ணாச்சி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார். சர்ச்சில் எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது, இவர் ஃபேன் வயரைப் புறங்கையால் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர்களிடம், “உங்க வீட்ல ஏசி உண்டுமா? எத்தன டன்னு? வயரு என்ன எம்எம்மு?” என்று கேட்டு ஒரு சம்பந்தமே கலைய இருந்தது.

என் மனைவி கிரேஸ், டீச்சர் வேலையை விட்டுவிட்டு முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுடுகிற மக்ரூன் போட்டு விற்கப் போகிறேன் என்று துணிந்தாள். அவள் அம்மாகூட நம்பவில்லை. முதல் ஆர்டர் சாயர்புரத்தில் ஒரு கல்யாணத்துக்கு. அது சொதப்பினால் மறுபடி டீச்சர் வேலைதான் என்று கிரேஸே சொல்லிவிட்டாள். கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் பெரிய கரண்ட் ஓவன் வந்து இறங்கியது.

அண்ணாச்சி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மீட்டர் பெட்டியிலிருந்து அடி வைத்து அளந்தார். குறுக்கே போகாமல் சுவரோரமாகவே போனார். கதவு நிலை வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, சாண் போட்டு அளந்து, மறுபக்கம் இறங்கினார்.

“எதுக்கு அண்ணாச்சி இந்தச் சுத்து?”

“கரண்டு இப்படித்தான தம்பி போகும்? நான் குறுக்கால நடந்தா கணக்கு தப்பிப் போகும்லா.”

ஓவன் எவ்வளவு கரண்ட் இழுக்கும், எவ்வளவு தூரம், போகிற வழியில் எவ்வளவு சூடு, மூன்றையும் கேலண்டர் தாளில் குறித்துக்கொண்டார். தகரத்துக்கு அடியில் கையை நீட்டி, “நம்ம ஊரு வெயிலுக்கு இங்கன வயரு பாதி வெந்துதான் கெடக்கும். நாலு பத்தாது. ஆறு எம்எம்” என்றார். ஓவனுக்கான பெரிய சுவிட்சை மாட்டிவிட்டு, “வயருக்குச் சொல்லியிருக்கேன். மூணு நாள் பொறு” என்று போய்விட்டார்.

பொறுமைக்கும் எனக்கும் வெகு தூரம். பரணில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிற வயர் சுருள் சுருளாகக் கிடந்தது. மொட்டை மாடியில் மாசம் பூரா ஸ்டாரை எரித்த வயர், ஓர் ஓவனை எரிக்காதா? கிரேஸ் மார்க்கெட்டுக்குப் போன நேரம் இழுத்து மாட்டினேன். அண்ணாச்சிதான் வந்து போயிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

இரண்டு நாளாகத் தட்டுத் தட்டாகப் போட்டாள். எல்லாம் சப்பையாக, பல்லில் ஒட்டிக்கொண்டு வந்தது. முந்திரியை மாற்றினாள், முட்டைக் கடையை மாற்றினாள். கடைசியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். “எனக்குக் கை வரலைங்க. ஆர்டர் வேண்டாம்னு சொல்லிருதேன்.” வயர் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை என்றால் பொய். வந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அண்ணாச்சி ஆறு எம்எம் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கொட்டகையில் ஓடிய என் வயரில் புறங்கையை வைத்து, வெடுக்கென்று எடுத்தார். மெயினை அணைத்துவிட்டு இழுத்தால், மேல்தோல் இளகித் தகரத்தோடு ஒட்டியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் தீப்பிடித்திருக்கும். உள்ளே நின்றிருப்பவள் கிரேஸ்.

அவள் வந்து நின்றாள். “அண்ணாச்சி, நீங்க கரண்டு குடுத்ததுல இருந்து ஒரு தட்டுகூட ஒழுங்கா வரல. எம் மாவுல என்ன குத்தம்னே தெரியல.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“மாவுல ஒரு குத்தமும் இல்ல, ஏளா. நாந்தான் அவசரத்துல ஒல்லி வயரப் போட்டுட்டுப் போயிட்டேன். அடுப்புக்குப் போதுமான கரண்டு வந்து சேரல. எம் புத்தி அப்படி” என்று தலையில் தட்டிக்கொண்டார்.

மத்தியானம் புது வயரில் ஓவன் எரிந்தது. மக்ரூன் கூம்பு கூம்பாக எழுந்து நின்றது. கிரேஸ் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு மறுபடியும் அழுதாள். ஆர்டர் சொன்ன நாளில் சாயர்புரம் போய்ச் சேர்ந்தது.

வழியனுப்பும்போது வாசலில் கேட்டேன். “ஏன் அண்ணாச்சி, பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்க?”

“நான் என் வீட்டுக்குப் போயிருவேன் தம்பி. நீ இங்கனதான இருக்கணும்.”

கிரேஸ் சும்மா இருப்பாளா? தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் டீக்கடையில், “அண்ணாச்சிக்கே வயரு தப்பிப்போச்சாம்லா” என்று கேலி பேசுகிறார்கள். வாழ்நாளில் ஓர் இடத்திலும் வயரைக் குறைத்துப் போடாத மனிதர், டீயை ஆற்றிக்கொண்டே சிரிக்கிறார். இன்றுவரை ஒருத்தரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கிரேஸ், இதை நீ வாசிப்பாய் என்று தெரியும். அந்த வயரைப் போட்டது நான்தான். திட்டுவதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். முதலில் இன்றைக்குப் போட்ட மக்ரூனில் நல்லதாகப் பார்த்து ஒரு டப்பா எடு, அண்ணாச்சி வீட்டுக்குப் போவோம். நானும் வருகிறேன்.