பொதுப்பாடத்தில் தேறாதவள்

வெண்சாமரபுரி என்றொரு நாடு. அங்கே மன்னரை வாழ்த்த ஆயிரம் பேர் இருந்தார்கள்; முறிந்த எலும்பைக் கட்ட ஆறே பேர். மலையூரான கல்மடுவில் தேனெடுக்கப் போய் விழுந்தவர்களுக்கெல்லாம், கட்ட ஆளில்லாமல் கைகால்கள் கோணலாகவே ஒட்டிக்கொண்டன. பூவரசியின் அண்ணனும் அவர்களில் ஒருவன். எலும்பு வைத்தியம் படித்தே தீருவது என்று அவள் தலைநகருக்கு வந்து சேர்ந்தாள்.

“உன் தேவை என்ன?” என்று கேட்டார் கல்லூரி ஒதுக்கீட்டு அதிகாரி கனகசபேசர்.

“எலும்பு கட்டக் கத்துக்கணும் ஐயா. எங்க ஊர்ல ஆளில்ல.”

“அது உன் விருப்பம் அம்மா. தேவை எதுவென்று அரசு முடிவு செய்யும்.”

அரசு முடிவு செய்திருந்தது. யார் எதைப் படித்தாலும் பொதுப்பாடம் கட்டாயம்: அரச வம்ச வரலாறு, வாழ்த்துப்பா, கைதட்டும் முறை. கீழைக் கல்லூரியில் பொதுப்பாடம் ஓராண்டுதான் என்று விசாரித்து அறிந்து, அங்கே சேர்ந்தாள் பூவரசி. பொதுப்பாடம் குறைவது நாட்டுப்பற்றுக் குறைவு என்று மறு வருடமே கல்வி அமைச்சர் ஞானசிகாமணியார் ஆணையிட்டார். ஓராண்டு மூன்றாண்டானது. எலும்புப் பாடம் கடைசி வாரத்துக்குப் போனது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்த எலும்புக்கூட்டை அப்புறப்படுத்தி, அங்கே மன்னரின் சிலையை வைத்தார்கள்.

மேலைக் கல்லூரிக்கு மாறினாள். முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள்.

“கைதட்டல்ல தேறிட்டேன் ஐயா. சான்றிதழ் இருக்கு.”

கனகசபேசர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது நின்றுகொண்டு தட்டுவது. இங்கே உட்கார்ந்து தட்டிவிட்டுப் பிறகு எழ வேண்டும்.”

பூவரசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுநாளிலிருந்து வகுப்புக்கு மட்டம் போட்டாள். சந்தை முனையில் மூட்டை தூக்குவோருக்கு எலும்பு கட்டிக்கொண்டிருந்த சிவனம்மாளிடம் போய், மூங்கில் பத்தை வைத்துக் கட்டப் பழகினாள். இரண்டே வருடத்தில், ஆள் வலியில் கத்தத் தொடங்குமுன் பிசகிய எலும்பை இடத்தில் உட்கார வைக்குமளவுக்குக் கை தேறிவிட்டது. பொதுப்பாடத்தில் மட்டும் பூஜ்யம்.

அந்த ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில், கல்வியின் உயர்வைப் பேசியபடியே பின்னால் நகர்ந்த அமைச்சர், மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்றுதான் பட்டம் வாங்கிய நாற்பது எலும்பு வைத்தியர்கள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், படித்ததைச் செய்தார்கள். கைதட்டினார்கள்.

“ஐயோ, கட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லையாடா!” என்று செந்தமிழை மறந்து அலறினார் அமைச்சர்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பூவரசி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கட்டினாள். ஒன்றரை மாதத்தில் அமைச்சர் எழுந்து நடந்தார். என்ன வேண்டும் கேள் என்றார்.

“ஊர்ல போய் வைத்தியம் பார்க்க உத்தரவு குடுத்தாப் போதுங்க.”

கோப்பு கனகசபேசரிடம் வந்தது. அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“பொதுப்பாடத்தில் தேறாதவளுக்கு எப்படியம்மா உத்தரவு தருவது?”

“அமைச்சர் காலையே கட்டுனேனே ஐயா!”

“அமைச்சருக்குக் கட்டலாம். அவருக்குக் குணமானால் போதும். மக்களுக்குக் கட்டத் தகுதி வேண்டும்” என்ற கனகசபேசர், கோப்பை மூடிக் கட்டினார். “கவலைப்படாதே. உன் ஊருக்குத் தகுதியுள்ள ஒருவரை நேற்றே அனுப்பிவிட்டோம்.”