ஏழாயிரம் ரூபாய்க் காற்றுக் குழாய்

கட்கி, புனே
18.7.2004

மதிப்பிற்குரிய மச்சான் அருணாச்சலம் அவர்களுக்கு மாடசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், கார் சௌக்கியம். உங்கள் தங்கை ரமாவும் சௌக்கியம் என்று பிம்ப்ரியில் இருக்கும் மகன் ரமேஷ் வீட்டிலிருந்து தகவல். அவள் அங்கே போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பாளையங்கோட்டையில் மழை உண்டா?

உங்கள் காருக்கும் காற்றுக் குழாய் மாற்றலாமா, போடுகிற காசுக்குப் பலன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாற்றலாம். ஏழாயிரம் ரூபாய். எஞ்சினுக்குக் காற்று போகிற பழைய கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு வடிகட்டியும் மாட்டுவார்கள்; காற்று தாராளமாகப் போய் வண்டியின் வேகம் கூடும். பிம்ப்ரியில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் ரமேஷ், "எப்பா, அந்த டப்பாவ யோசிக்காமலா வச்சிருக்கான்? காச தண்டமாக்காதீங்க" என்றான். ராணுவத் தளவாடம் செய்யும் ஆர்டினன்ஸ் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் பரிசோதகராக இருந்த எனக்கு மகன் பாடம் எடுக்கிறான். நான் எதையும் அளக்காமல் நம்புகிறவன் இல்லை. மே மாதமே ரமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையில் ஸ்டாப் வாட்ச் கொடுத்து, கடக்வாஸ்லா அணைப் பக்கத்து ஏற்றத்தில் பழைய டப்பாவோடு ஓட்டி நேரம் குறித்துக்கொண்டேன். நாற்பத்தோரு விநாடி.

குழாய் மாட்டிய அன்றே எங்கள் குடியிருப்பு சொசைட்டி வாட்ச்மேன் விசிலோடு ஓடிவந்தார். சத்தத்தைக் கேட்டு லாரி உள்ளே வருகிறது என்று நினைத்துவிட்டாராம். ரமா காதைப் பொத்திக்கொண்டு, "இது காரா, மாவு மில்லா?" என்றாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை, போன வாரத்துக்கு முந்தின வாரம் சிஞ்ச்வடில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினோம், நல்ல மழை, ரோட்டில் முழங்காலளவு தண்ணீர், வடிகட்டியோ பம்பர் உயரத்தில் தொங்குகிறது, காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, உங்கள் தங்கை பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளினாள். தள்ளி முடித்ததும் ஒரு ரிக்‌ஷாவைக் கைகாட்டி நிறுத்தினாள். "அந்தக் குழா இருக்குத வரைக்கும் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பிம்ப்ரிக்குப் போய்விட்டாள்.

ஆனால் மச்சான், வண்டி பட்டறையிலிருந்து வந்ததும் அதே ஏற்றத்தில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு விநாடி! முழுசாக மூன்று விநாடி மிச்சம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நீங்கள் அண்ணன் என்கிற முறையில் இந்தக் கணக்கை ரமாவுக்குப் போனில் எடுத்துச் சொல்லி, குழாயோடு சமாதானமாகப் போகச் சொல்ல வேண்டும். உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வாழ இந்த மாமாவின் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
மாடசாமி

பின்குறிப்பு: தபாலில் போடப் போகும்போது பரிசோதகன் புத்தி சும்மா இருக்கவில்லை. குழாயைக் கழற்றி, பழைய டப்பாவையே மாட்டி, தனியாக இன்னொரு தரம் ஓட்டினேன். அப்போதும் முப்பத்தெட்டு விநாடிதான். அணைக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மே மாதக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மே மாதம் பக்கத்தில் ரமா இருந்தாள். பாரத்தைக் குறிக்காமல் சோதனை செய்திருக்கிறேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவன் இப்படிச் செய்திருந்தால் அவன் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். குழாயால் ஒரு பலனும் இல்லை. நீங்கள் வாங்க வேண்டாம். அவள் இல்லாத மூன்று விநாடி எனக்கும் வேண்டாம். பன்னிரண்டு நாளாக வீட்டில் பேச ஆளில்லை, மச்சான். இப்போதே பிம்ப்ரிக்குக் கிளம்புகிறேன், நீங்கள் போன் செய்ய வேண்டியதில்லை. காலில் விழச் சொன்னாலும் விழுந்து கூட்டிவந்துவிடுவேன். ரமேஷ் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ளப் போகிறேன். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று மட்டும் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.