முருகனுக்கும் டாக்டருக்கும் நடுவில் என் தலை

வழுக்கை விழுகிற விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு, கடைசியாகத்தான் அந்தத் தலைக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியவரும். கண்ணாடி முன்பக்கத்தை மட்டும் காட்டி நம்மை நல்லபடியாக ஏமாற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு உண்மையைச் சொன்னது சிசிடிவி.

தாராவியில் இருக்கும் எங்கள் மளிகைக் கடைக்குக் கேமரா மாட்ட வந்தவர், வேலையை முடித்துவிட்டு டிவியைப் போட்டுக் காட்டினார். கல்லாவுக்கு மேலிருந்து தெரிந்த படத்தில், உச்சந்தலையில் எவர்சில்வர் தட்டு மினுங்க, யாரோ ஒரு பெரியவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "யாருங்க அது, நம்ம சீட்ல?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன். பெரியவரும் எழுந்தார். கேமராக்காரர் நாகரிகமானவர், வயரைச் சுருட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

அப்போது எனக்கு முப்பது முடியவில்லை. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெருளில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், பெயர் ரேவதி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு யாரையும் பார்க்கத் தோன்றவில்லை. சிக்கல் என்னவென்றால், அவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து அனுப்பியிருந்தது என் காலேஜ் போட்டோ. அதில் என் தலைமுடிக்குத் தனியாக ஒரு பஸ் டிக்கெட் எடுக்க வேண்டும். போட்டோவில் இருப்பவனாக மாறிய பிறகுதான் அந்தப் பெண் முன்னால் போய் நிற்பது என்று முடிவு செய்தேன். அம்மா நாள் குறிக்கும்போதெல்லாம், "ஜிஎஸ்டி வேல கெடக்குமா" என்று தள்ளிப்போட்டேன். (ஜிஎஸ்டியால் பயனடைந்த ஒரே வியாபாரி நானாகத்தான் இருப்பேன்.)

இப்படியாக, செம்பூரில் ஒரு கிளினிக்குக்கு யாருக்கும் தெரியாமல் போனேன். முடி நடும் ஆபரேஷன் என்றால், டாக்டர் தலையைப் பார்த்ததும் "முடிச்சிடலாம்" என்று சொல்லிப் படுக்கவைப்பார் என்று நினைத்திருந்தேன். அந்த மராட்டி டாக்டரம்மா அப்படிப்பட்டவர் இல்லை. சுகர் உண்டா, பிரஷர் உண்டா, சிகரெட் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதற்காவது அலர்ஜி உண்டா என்று பெண் வீட்டார்கூடக் கேட்காததையெல்லாம் கேட்டார். பிறகு, "அப்பாவுக்குத் தலை எப்படி?" என்றார். அப்பாவுக்கு நெற்றி எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது. திருநீறு பூசினால் பிடரி வரைக்கும் கை போகும். இதையெல்லாம் ஹிந்தியில் விளக்க முடியாமல், "அவரும் டக்லாதான்" என்று வழுக்கைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன். அடுத்து நாலு பக்கமும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஜெயிலுக்குப் போகிறவனுக்குக்கூடப் பின்மண்டையைப் படம் எடுப்பதில்லை.

"எப்படி வரணும்னு எதிர்பார்க்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். போனில் என் காலேஜ் போட்டோவைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது வராது. நாங்க புதுசா முடி உண்டாக்கறதில்ல. பின்னாடி இருக்கறத எடுத்து முன்னாடி நடறோம், அவ்வளவுதான்."

மளிகைக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கோடவுனில் இருக்கிற கொஞ்சம் சரக்கை எடுத்து ஷோகேஸை நிரப்பப் போகிறார்கள்.

"நட்ட முடி முதல்ல கொட்டிடும், பயப்படாதீங்க. மறுபடி முளைச்சு முழுசாத் தெரிய ஒரு வருஷம் ஆகும். அப்புறம், பின்மண்டை முடிதான் உங்க சொத்து. அதுல கை வைக்காதீங்க. ஆபரேஷன் அன்னைக்கு நாங்களே மெஷின் போட்டு ஒட்ட வெட்டிக்குவோம். வீட்ல சொல்லியாச்சா? கூட யாராவது ஒருத்தர் வரணும்."

"சொல்லியாச்சு டாக்டர்" என்றேன். (கல்லாவில் உட்கார்ந்து பழகியவனுக்குப் பொய்க்காகத் தனியாக யோசிக்க வேண்டியதில்லை.)

சொல்லவில்லை. ஒட்ட வெட்டிய தலையோடு வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று சயானில் ரயிலை விட்டு இறங்கும் வரை மண்டையைக் குடைந்தேன். அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே மிகப் பிரமாதமான யோசனை ஒன்று உதித்தது. முருகனுக்கு மொட்டை. நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியது, நேராகக் கிளினிக்குக்குப் போக வேண்டியது. ஊசி குத்திய புள்ளிகளை மறைக்கச் சந்தனம் இருக்கிறது. மொட்டை போட்டவனை ஆறு மாதத்துக்கு ஏன் முடி இல்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இப்படி ஒரு மூளை இருக்கும் தலைக்கு முடி எதற்கு என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

இரவு சாப்பிடும்போது, "கட நல்லா ஓடணும்னு முருகனுக்கு மொட்ட போடுதேன்னு வேண்டிக்கிட்டேம்மா" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். நான் கோயில் வாசலில் செருப்பைக் காவல் காக்கிற ஜாதி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "எம்புள்ள தானா வாயத் தொறந்து வேண்டிருக்கான் பாரேன்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"நான் ஒத்தையில போயிட்டு வந்துருதேம்மா."

"சாமி காரியத்துக்கு ஒத்தையிலயா? நல்லாருக்கே நீ சொல்லுதது."

நான் ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டிவிட்டு வருவதற்குள், அம்மா தேவ்நார் அத்தைக்கும் டிராம்பே சித்தப்பாவுக்கும் போன் போட்டு, டெம்போ டிராவலர் பேசி, நாளையும் குறித்துவிட்டாள். நெருளில் கோயில். ஆபரேஷனுக்குச் சரியாக முந்தின நாள். மறுத்தால் சாமி குத்தம். போனால் சொத்து போகும்.

வண்டி வாஷி பாலத்தைத் தாண்டும்போது அத்தை இன்னொரு குண்டைப் போட்டாள். "பொண்ணு வீட்டுக்காரவளயும் கோயிலுக்கு வரச் சொல்லிருக்கு. நீதான் ஜிஎஸ்டி ஜிஎஸ்டின்னு நழுவிக்கிட்டே இருக்கியே."

கோயிலில், மொட்டை போடும் இடத்துக்கு எதிரிலேயே அவர்கள் நின்றார்கள். ரேவதி போட்டோவைவிட நன்றாக இருந்தாள். நான் போட்டோவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லாமல் சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தேன். முடி எடுப்பவர் தண்ணீரைத் தெளித்தார். கத்தி கழுத்துப் பக்கம் வந்தபோது எனக்கு டாக்டரம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, பின்னால மட்டும் விட்டுருங்க" என்றேன் மெதுவாக.

அவர் மெதுவாகப் பேசும் ஆள் இல்லை. "பின்னால விட்டா மொட்ட எங்கன போட? முன்னாலதான் ஏற்கெனவே யாரோ போட்டுட்டாவளே."

இரண்டு குடும்பமும் திரும்பிப் பார்த்தது. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எலே, சாமிக்குக் குடுக்கதுல பாதியப் புடிச்சு வைக்கியா? பேரமா பேசுத?"

"முன்பக்கம் போதும்மா, முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

டிராம்பே சித்தப்பா ரிஃபைனரியில் வால்வு திருகிய கைக்காரர். அவர் என் தலையைப் பிடித்துக் குனியவைத்தார். பிறகு நான் பார்த்ததெல்லாம் என் முழங்காலும் அதன்மேல் விழுந்த சொத்தும்தான்.

எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது. ஆனால் ரேவதியின் அப்பா வந்து என் தோளைத் தட்டி, "இந்தக் காலத்துல இப்படி பக்தியான பையன் கெடைக்கணுமே" என்றார். அவள் அம்மா மட்டும் தாழ்ந்த குரலில் அத்தையிடம், "மூணு மாசத்துல வளந்துரும்லா?" என்று கேட்டார். "அவனுக்குப் புல்லு மாதிரி வளரும்" என்றாள் அத்தை. அங்கேயே வெற்றிலைபாக்கு மாற்றிக்கொள்ளாத குறைதான்.

மறுநாள் செம்பூரில் டாக்டரம்மா என் பின்மண்டையைத் தடவிப் பார்த்தார். "யார் செஞ்சது இது?"

"முருகன்" என்றேன்.

"எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே. வளந்தப்புறம் வாங்க" என்றார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, "வீட்ல சொல்லலதானே? சொல்லிருந்தா இது நடந்திருக்குமா?" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை. (குனிந்தபோது அவர் முகம் என் மண்டையில் தெரிந்திருக்கும்.)

அன்று மாலை ரேவதிக்குப் போன் செய்தேன். கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை, 'புல்லு மாதிரி வளரும்' என்ற நம்பிக்கையில் அவள் கழுத்தை நீட்டக்கூடாது என்று பட்டது. கிளினிக், காலேஜ் போட்டோ, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "உச்சியில வளராதுங்க" என்று முடித்தேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"மொட்ட போட்டப்ப கீழ விழுந்தத பாத்தேன்ல. ஒரு பிடி தேறல." கொஞ்ச நேரம் சிரித்தாள். "எனக்குத் தலையப் பத்தி ஒண்ணுமில்ல. ஆனா இனிமே ஆஸ்பத்திரிக்குப் போனா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

கல்யாணம் நடந்தது. பக்கவாட்டிலும் பின்னாலும் முடி ஜோராக வளர்ந்தது, உச்சியில் ஒன்றுமில்லை. ஆபரேஷனுக்கு மறுபடி நாள் வாங்கினோம், கூட வருவதாக ரேவதி லீவு போட்டாள். எங்கள் வீட்டில் இப்போதும் யார் சலூனுக்குக் கிளம்பினாலும், "பின்னால மட்டும் விட்டுருங்கன்னு சொல்லுல" என்று சித்தப்பா மறக்காமல் சொல்லி அனுப்புகிறார். அம்மா மட்டும் அதற்குச் சிரிப்பதில்லை. மகன் மனமுவந்து கொடுத்த முடியை முருகன் திருப்பித் தரவில்லையே என்று அவளுக்கு உண்மையான வருத்தம். உண்மையைச் சொல்ல நானும் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். வேண்டிக்கொண்டேன் என்று நான் சொன்ன இரவில் அவள் முகம் இருந்த இருப்பை நினைத்தால் வார்த்தை வராது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நானும் ரேவதியும் அம்மாவும் நெருள் கோயிலுக்குப் போனோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, எங்களுக்கும் கேட்கும்படி வேண்டினாள்.

"முருகா, எம்புள்ளைக்கு முடியக் குடு. நல்லா அடத்தியா வளந்துட்டுன்னா, திருச்செந்தூருக்கே கூட்டிட்டு வந்து மறுபடியும் மொட்ட போடுதேன்."

ரேவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் வெளியே வந்து கிளினிக்குக்குப் போன் செய்து, ஆபரேஷன் வேண்டாம் என்றேன். ஏன் என்று டாக்டரம்மா கேட்டார்.

"வளந்தா வெட்டிருவாங்க டாக்டர்" என்றேன்.