அங்கிட்டுத் திரும்பாத கார்

புதுக்கோட்டையில் கார் வைத்திருந்தவர்கள் பலர். ஓடுகிற காரை ஓடவிடக் கூடாது என்பதில் வைராக்கியமாக இருந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அவருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூட குமாஸ்தா என்ற முறையில் மாதாமாதம் சம்பளப் பட்டியலில் அதை எழுதியவனே நான்தான். ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரர்கூடத் திருதிருவென்று முழிப்பார். ‘இங்கிட்டு மாஸ்டர்’ என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

அவர் வீட்டின் பின்போர்ஷனில் நான் குடியிருந்தேன். அப்போது நான் பிரம்மச்சாரி. எஞ்சினைக் கிளப்பக் கயிறு இழுக்கும் வேலையையும் வாடகையோடு சேர்த்துத்தான் வீட்டை விட்டிருக்கிறார் என்பது பெட்டி படுக்கையை இறக்கிய பிறகுதான் தெரிந்தது.

மனிதர் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இலை முன்னால்கூட ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, யாரோ விசில் ஊதப்போகிறார்கள் என்பதுபோலத்தான் இருப்பார். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் எழுந்துபோய் ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு வருவார். அந்தக் கையாலேயே ரசத்தையும் சாப்பிடுவார்.

அந்தக் கார் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். ஓர் எஞ்சினீயர் துரையின் பங்களாவில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் பீரோவும் சோபாவுமாக எடுத்துக்கொண்டு வர, மாஸ்டர் எடுத்தது துரையின் மகன் தோட்டத்தில் ஓட்டி விளையாடிய குட்டி வண்டியை. நாலு சக்கரம், ஓர் இரும்புச் சட்டம், ஒற்றை ஸீட், பின்னால் புல்வெட்டும் மெஷினிலிருந்து கழற்றி மாட்டிய சின்னஞ்சிறு எஞ்சின். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. இந்தக் காலத்தில் கோ-கார்ட் என்று சொல்லி டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறார்களே, அதேதான். நாங்கள் அதைக் கார் என்றே சொன்னோம். வேறெப்படிச் சொன்னாலும் மாஸ்டரின் மனைவி சவரியம்மா கோபித்துக்கொள்வார்.

சின்னப் பையன் ஓட்டிய வண்டி. மாஸ்டர் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. அதனால் சட்டத்தை அறுத்து நீளமாக்கினார். நீளமாக்கியதும் சவரியம்மாவுக்கும் ஒரு ஸீட் போடலாமே என்று தோன்றியது, அகலமாக்கினார். அகலமானதும் வண்டி தரையோடு தரையாகத் தெரிந்தது; எங்கேயோ அலைந்து பெரிய சக்கரங்களாகப் பிடித்துவந்து மாட்டினார். அங்கேதான் வம்பு வந்தது. வலது பக்கம் திருப்பினால், முன்சக்கரம் அதன் பின்னாலேயே இருந்த பெட்ரோல் டாங்கில் போய் முட்டியது. லேசான வளைவென்றால் முக்கி முனகிப் போகும். முழுத் திருப்பம் முடியாது. இடது பக்கம் மட்டும் தாராளமாகத் திரும்பும்.

முதல் நாளே கடைவீதியில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கிட்டுப் போகுது சார் இது?”

“இங்கிட்டு,” என்று இடது பக்கம் காட்டினார் மாஸ்டர்.

“அங்கிட்டுப் போகாதா?”

“அங்கிட்டு இன்னும் பழகலைங்க.”

பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

வேறு ஊராக இருந்தால் வண்டியை ஓரங்கட்டியிருக்க வேண்டியதுதான். புதுக்கோட்டைத் தெருக்களைச் சதுரம் சதுரமாகப் போட்டுவைத்த புண்ணியவான் மாஸ்டரை மனசில் வைத்துக்கொண்டுதான் போட்டிருக்க வேண்டும். வலது பக்கம் போக வேண்டுமா? தாண்டிப் போய் இடது, மறுபடி இடது, இன்னும் ஒரு இடது. வேண்டிய தெரு வந்துவிடும். ஒரு நாள் ஹெட்மாஸ்டரை ஏற்றிக்கொண்டு போனார். மடியில் குடையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுமையாக வந்த ஹெட்மாஸ்டர், “என்னய்யா, இந்தக் காப்பிக் கடையை இப்பத்தானே பாத்தோம்?” என்றார்.

“அது அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தது சார். இது இந்தப் பக்கம்.”

மறுநாள் மாஸ்டர் கூப்பிட்டபோது, “இல்லய்யா, அவசரமாப் போகணும். நான் நடந்தே போயிடறேன்,” என்று ஹெட்மாஸ்டர் குடையை விரித்துக்கொண்டு ஓட்டமாக நடந்தார்.

பையன்கள் சும்மா இருப்பார்களா? மைதானத்தில் மாஸ்டர் “ரைட் டர்ன்!” என்று கத்தினால் வரிசை மொத்தமும் இடது பக்கம் திரும்பி நிற்கும். முதல் தடவை, அடி விழப்போகிறது என்று ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வரிசையை மேலும் கீழும் பார்த்தார். “எங்கிட்டுத் திரும்புனா என்னடா, எல்லாரும் ஒண்ணாத் திரும்புனீங்கள்ல? அதான் டிரில்லு!” என்றார்.

முச்சந்தியில் நாலு பேர் வந்து, “சார், முன்னால தூக்கி அங்கிட்டு வச்சிடுறோம்” என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “கை வச்சுத் திருப்புனா அது வண்டி. தானாத் திரும்புனாத்தான் காரு” என்பார். அது தானாகத்தான் திரும்பாதே என்று எவனும் கேட்கவில்லை.

“டாங்கைக் கொஞ்சம் தள்ளி வச்சா சரியாப்போயிடுமே சார்?” என்று நான் கேட்டேன்.

“வைக்கலாம் தம்பி. மொதல்ல சைலன்சரைப் பாத்துடறேன்.”

“சைலன்சர் நல்லாத்தானே இருக்கு?”

“கெட்டுப்போனதை எவன் வேணும்னாலும் சரி பண்ணிப்புடுவான். நல்லா இருக்கறதைச் சரி பண்றதுதான் கஷ்டம்.”

இதுதான் அவர் வியாதி. எஞ்சின் இருமினால் கண்டுகொள்ள மாட்டார். அது ஒழுங்காக ஓடினால் போதும், கை அரிக்க ஆரம்பித்துவிடும். உடனே ஸ்பானரை எடுப்பார். பால்பவுடர் டின்னில் செய்த சைலன்சரை எண்ணெய் டின்னுக்கு மாற்றுவார்; வண்டி பட்டாசுக் கடை மாதிரி வெடித்துக்கொண்டு போகும். “இப்ப கம்பீரமா இருக்குல்ல?” என்று கேட்பார். எனக்குக் காது கேட்டால்தானே பதில் சொல்வதற்கு? சவரியம்மாவின் குண்டான், தாம்பாளம், கொழுக்கட்டைச் சட்டி எல்லாவற்றிலும் எஞ்சினின் ஏதாவது ஓர் அங்கம் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். மாஸ்டர் குனிந்து காதை எஞ்சினில் வைத்துக்கொண்டு, “அமுக்கு சவரி... விடு... அமுக்கு” என்பார். டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து மிதிகட்டையை அமுக்கியும் விட்டும் அந்த அம்மாள் காய்ந்துபோன நேரங்களைச் சேர்த்தால் ஒரு மனுஷி டிரைவிங் கற்றுக்கொள்ளத் தேவையான நேரத்துக்கு மேலேயே இருக்கும்.

சவரியம்மாவுக்குப் பிறந்த வீடு ஆவூர்ப் பக்கம். ஈஸ்டர் தேருக்கு ஊரே கூடும். கார் வந்த புதிதில் ஏதோ பேச்சு வாக்கில், தன் அண்ணன் மனைவியிடம், “அடுத்த தேருக்குச் சொந்தக் கார்லதான் வருவேன் மதினி” என்று சொல்லிவிட்டார். வாய் சும்மா இருந்திருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் தவக்காலம் தொடங்கும்போது, “ஈஸ்டருக்குள்ள முடிச்சிடலாம்” என்று மாஸ்டர் எஞ்சினைப் பிரிப்பார். ஈஸ்டரன்று அது குண்டானில் ஊறிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் போனால் மதினி முகத்தில் எப்படி விழிப்பது? சவரியம்மா போகாமலே இருந்துவிடுவார். “கார் வருதா, இல்ல என்ஜினை மட்டும் குண்டான்ல வச்சுத் தூக்கிட்டு வாரீகளா?” என்று மதினி ஆள்மூலம் விசாரித்தாள்.

ஒரு வருஷம் மட்டும் விஷயம் வேறு. சவரியம்மாவின் தகப்பனாருக்கு, அய்யா என்றுதான் அவரைச் சொல்வார், பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அடுத்த வருஷத் தேருக்குள் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போய்விடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். “எம் மக கார்ல வர்றதைப் பாத்துப்புடணும்” என்று அய்யா சொன்னதாக அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சவரியம்மா வீட்டிலிருந்த ஸ்பானர் எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். மாஸ்டர் கூண்டில் அடைத்த புலியாக முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள்தான் எனக்கு உறைத்தது. “சார், ஆவூருக்கு வலது பக்கம் திரும்பணுமா?”

மாஸ்டர் நடந்துகொண்டே கணக்குப் போட்டார். “கீரனூர் போயி, இங்கிட்டுத் திரும்பினா ஆவூர். போறதுக்கு இங்கிட்டுத்தான் தம்பி! ஆனா திரும்பி வர்றப்ப அங்கிட்டுல்ல திரும்பணும்?”

“மொதல்ல போய்ச் சேருவோம்,” என்றார் சவரியம்மா. “திரும்பி வர்றதை அப்பறம் பாத்துக்கலாம்.”

விடிந்ததும் கிளம்பினோம். அவர்கள் காரில், நான் பின்னால் சைக்கிளில். கார் நின்றால் கயிறு இழுக்க ஆள் வேண்டுமே. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கார் அன்றைக்குப் போல் என்றைக்குமே ஓடியதில்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு வெடி இல்லை. நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணில் தெரிந்தபோது மாஸ்டரின் முதுகையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். இவ்வளவு நன்றாக ஓடினால் அந்த மனிதர் எப்படித் தாங்குவார்?

தாங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே காரை ஓரம்கட்டினார். இறங்கி, இடுப்பிலிருந்து ஒரு ஸ்பானரை உருவினார். அரிசிப் பானைக்குத் தப்பியது ஒன்று இருந்திருக்கிறது.

“என்னங்க பண்றீங்க?” என்று கேட்டார் சவரியம்மா.

“ஒண்ணுமில்ல சவரி. சத்தம் ரொம்ப சுத்தமா வருது. அதான் லேசா ஒரு நட்டை மட்டும்...”

சவரியம்மாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் ஸீட்டுக்கு நகர்ந்தார். மிதித்தார். கார் போய்விட்டது.

குனிந்திருந்த மாஸ்டருக்கு முன்னால் எஞ்சின் இல்லை. வெறும் ரோடுதான் இருந்தது.

“சவரி! ஏய், சவரி!”

“ஓடி வந்து ஏறுங்க! நிறுத்த மாட்டேன்!”

எத்தனையோ பையன்களை ஓடவிட்ட மனிதர் அன்றைக்குத் தானே ஓடினார். ஓடிப்போய்த் தாவி இடது ஸீட்டில் விழுந்தார். விழுந்த வேகத்தில் ஸ்பானர் ரோட்டோரப் புதருக்குள் போயிற்று. நான் அதைத் தேடவில்லை. தேடுவதாகப் பாவனைகூடச் செய்யவில்லை.

கீரனூரில் இடது பக்கம் திரும்பி, கப்பி ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, ஆவூர்க் கோயில் திடலுக்கு வந்து சேர்ந்தோம். தேர் பார்க்க வந்த கூட்டம் காரைப் பார்க்கத் திரும்பியது. வேப்பமர நிழலில் ஒரு கட்டிலில் அய்யாவை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அண்ணன், மதினி. சவரியம்மா அவர்களைத் தாண்டிப் போனார். இடது பக்கமாகத் திடலைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். நிற்கவே இல்லை.

“நிறுத்தத் தெரியல போல!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். “பிரேக்கை இழு சவரி!” என்று மாஸ்டர் கத்தினார். சைக்கிளைப் போட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். போதுமென்று தோன்றியபோது அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளாமல் பிரேக்கை இழுத்து, கட்டிலுக்கு நேர் எதிரே காரை நிறுத்தினார்.

“ஏம்மா இப்படிப் பயமுறுத்துனீங்க?” என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

“மொதச் சுத்து மதினிக்கு. மத்ததெல்லாம் எங்கய்யாவுக்கு. ஒரு சுத்துல அவுக கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது தம்பி.”

அண்ணனுக்குச் சிரிப்புத் தாளவில்லை. “என்ன மாப்ள, வீட்டுல ஓட்ட விடலையா?” என்றார். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் சவரியம்மா முந்திக்கொண்டார்.

“இது அவுக செஞ்ச காரு. ஒவ்வொரு ஆணியும் அவுக அடிச்சது. நான் சும்மா திருப்பிக்கிட்டு வந்தேன்.”

மாஸ்டர் நின்றார். கையை ஆட்டாமல், காலை மாற்றாமல், நின்ற இடத்தில் நின்றார்.

அய்யா கட்டிலிலிருந்து எழுந்து வந்து காரைத் தடவிப் பார்த்தார். சக்கரம், ஸீட், சூடாக இருந்த எஞ்சின். “பாத்துப்புட்டேன் ஆத்தா,” என்றார் மகளிடம். “நல்லாப் பாத்துப்புட்டேன். செவப்புக் காரு, என்னா அழகு!”

கார் பச்சை. மாஸ்டரே அடித்த கிளிப்பச்சை.

“ஆமாய்யா, செவப்புத்தான்,” என்றார் சவரியம்மா. மதினிகூட வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரும்போதும் சவரியம்மாதான் ஓட்டினார். கீரனூர் முக்கு வந்தது. வலது பக்கம் திரும்ப வேண்டும். சவரியம்மா இறங்கப் போனார். “நீ எறங்காத. ஒக்காந்துக்க,” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் இறங்கினார். நானும் அவருமாக முன்பக்கத்தைத் தூக்கி, அந்த அம்மாளோடு சேர்த்தே காரைத் திருப்பி வைத்தோம். கை வைத்தால் வண்டி என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து வந்து பார்த்தால், முற்றம் முழுக்கக் கார் பிரிந்து கிடந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாஸ்டர் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, கையில் பிரஷ்ஷோடு குந்தியிருந்தார். பாதிச் சட்டம் ஏற்கனவே சிவப்பாகியிருந்தது.

“பச்சைக்கு என்ன சார் குறை? நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார், தலையை நிமிர்த்தாமல். “மாமனாரு செவப்புன்னு சொல்லிட்டாரே தம்பி.”

காப்பி கொண்டுவந்த சவரியம்மா அதைக் கேட்டுக்கொண்டு கதவோரமே நின்றுவிட்டார். அதன் பிறகு எத்தனையோ வீடுகளில் குடியிருந்துவிட்டேன். அங்கெல்லாம் மோட்டாரும் ஃபேனும் ஒழுங்காகத்தான் ஓடின. எனக்கென்னவோ இன்றைக்கும் அந்த மனிதரைத் தேடுகிறது.